மூன்று நாரைச் சந்தில் ஒரு பொத்தான் வியாபாரம்

பாரிஸ் நகரத்தில் பொத்தான் கடை வைத்திருந்த முசியே தெயோதூல் ஒரு வருஷமாக ஒரு பொத்தான்கூட விற்கவில்லை. சரக்கு இல்லாமல் இல்லை. தரையிலிருந்து உத்தரம் வரைக்கும் இழுப்பறைகள். கொம்பு, எலும்பு, சிப்பி, பித்தளை, கண்ணாடி என்று நாற்பதாயிரத்துக்குக் குறையாது. ஆட்கள் வராமலும் இல்லை. வந்தார்கள். ஆனால் வந்தவர்களில் ஒருத்தருக்கும் ஒரு கடைக்குள் நுழையத் தெரியவில்லை.

நுழைவது என்றால் இப்படி. கதவைத் திறக்க வேண்டும். கதவு தானாக மூடுவதற்குள், கடைக்காரர் முகத்தைப் பார்த்து, "போன்ஜூர், முசியே" என்று, 'வணக்கம் ஐயா' என்கிற பொருளில், சொல்ல வேண்டும். காலை வைப்பவர்தான் முதலில் சொல்ல வேண்டும். கடைக்காரர் திருப்பிச் சொல்வார். அதற்குப் பிறகுதான் வந்தவர் மனிதர். அதுவரைக்கும் கதவு வழியாக வந்த காற்று. அந்த ஊரில் மூன்று வயதுக் குழந்தைக்கே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். வளர்ந்து கையில் காசு வந்ததும் மறந்துவிடுகிறார்கள் என்பது தெயோதூலின் கட்சி. மற்ற கடைக்காரர்கள் வணக்கம் சொல்லாத ஆளைப் பார்த்து முகம் சுளிப்பார்கள், சரக்கையும் விற்றுவிடுவார்கள். தெயோதூல் முகம் சுளிப்பதில்லை. காற்று அடித்தால் யாராவது முகம் சுளிப்பார்களா? அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பார்.

அவர் உட்கார்ந்திருக்கிற நேர்த்தியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போன வேனிற்காலத்தில் ஒரு வெளியூர்க்காரர் உள்ளே வந்து ஏழு பாஷையில் "ஹலோ" சொல்லிப் பார்த்தார். பதினொரு நிமிஷம் ஆயிற்று. தெயோதூலின் இமை அசையவில்லை. பக்கத்துத் தெருவில் மெழுகுப் பொம்மைக் காட்சிசாலை ஒன்று உண்டு. அதன் கிளை இது என்று முடிவு கட்டி, அந்த மனிதர் தெயோதூலின் தோளில் கையைப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்குச் சாயங்காலமே இணையத்தில் ஏறிவிட்டது: 'சின்ன அருங்காட்சியகம். ஒரே ஒரு பொம்மைதான். ஆனால் மூக்கு முடி வரைக்கும் தத்ரூபம். அனுமதி இலவசம்.' அதற்குப் பிறகு கூட்டம் கொஞ்சம் கூடியது. வியாபாரம் கூடவில்லை.

அவர் கடைசியாக விற்றது போன ஜனவரியில், ஓய்வுபெற்ற ஒரு பாதிரியாருக்கு. அங்கியில் முப்பத்துமூன்று பொத்தான். அதில் ஒன்று விழுந்துவிட்டது. பாதிரியார் கதவைத் திறந்து, தொப்பியை எடுத்து, "போன்ஜூர், முசியே" என்று சொன்ன அழகில் தெயோதூலுக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னும் முப்பத்திரண்டு தடவை வருவார் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். பாதிரியார் வசந்தகாலத்தில் காலமாகிவிட்டார்.

கடை இருந்தது கண்ணாடிக் கூரை போட்ட மூன்று நாரைச் சந்தில். சந்துக்கு ஒரு கட்டடச் சொந்தக்காரர்கள் சங்கம். கூரை போட்ட காலத்தில் எழுதிய குத்தகைப் பத்திரத்தில் ஏழாவது வரி இப்படிச் சொல்கிறது: ஒரு வருஷத்தில் ஒரு விற்பனைகூட நடக்காத இடம் கடை ஆகாது, கிடங்கு, கிடங்குக்குச் சந்தில் இடமில்லை. நூற்றைம்பது வருஷமாக யாரும் படிக்காத அந்த வரியை இப்போது ஒரு மெழுகுவத்திக் கம்பெனி படித்துவிட்டது. வாசனை மெழுகுவத்தி. மழையின் வாசனை, பழைய புத்தகத்தின் வாசனை, பூனைக்குட்டியின் வாசனை என்று கண்ணாடிக் குவளையில் ஊற்றி விற்கிற கூட்டம். அவர்களுக்குத் தெயோதூலின் கடை வேண்டும். சங்கத்துக்கு அவர்களுடைய வாடகை வேண்டும்.

பாதிரியார் பொத்தான் வாங்கி ஒரு வருஷம் முடிகிற நாள் ஜனவரி இரண்டாவது புதன்கிழமை. அன்றைக்கு ஒரு நீதிமன்ற அமீனா காலையில் கடை திறப்பதிலிருந்து ஏழு மணிக்கு மூடுவது வரைக்கும் உள்ளே உட்கார்ந்து பார்ப்பார். ஒரு பொத்தான் விற்றால் குத்தகை புதுப்பித்து, இன்னும் ஒன்பது வருஷத்துக்குக் கடை தெயோதூலுடையது. விற்காவிட்டால் மறுநாள் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

அந்தப் புதன்கிழமைக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. அரசாங்கமே நாள் குறித்துக் கொடுக்கிற தள்ளுபடி ஆரம்பிக்கிற நாள் அது. விடியும் முன்பே ஊர் எழுந்து பெரிய வீதிகளுக்கு ஓடிவிடும். ஆறு மாடிக் கடைகளின் வாசலில் நல்ல குடும்பத்துப் பெண்கள் முழங்கையால் இடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு கையில் இடது கால் செருப்பு, இன்னொரு கையில் வேறு ஜோடியின் வலது கால் செருப்பு. நகரும் படிக்கட்டில் சாமான் மூட்டைகள் மனிதர்களைத் தூக்கிக்கொண்டு மேலே போகும். தெயோதூல் அதை ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறார். மாட்டுச் சந்தையில்கூட மாடுகள் ஒன்றையொன்று முகர்ந்து பார்த்துத் தெரிந்துகொள்கின்றன என்று மட்டும் சொன்னார். ஊரே எதையாவது வாங்கித் தீர்ப்பது என்று கிளம்புகிற நாளில் ஒரு பொத்தான் விற்காதவன் என்றைக்குமே விற்கமாட்டான் என்று சங்கத்தார் சிரித்துக்கொண்டார்கள்.

எதிர்க்கடை மதாம் சிதோனியினுடையது. தேநீரும் கேக்கும். இரண்டு வாசலுக்கும் நடுவே ஐந்து தப்படி; தலைக்கு மேலே ஒரு உருண்டை விளக்கு. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அந்த அம்மாள் கடை திறந்த அன்று, புதிதாக வந்தவள்தான் வந்து போன்ஜூர் சொல்ல வேண்டும் என்று தெயோதூல் காத்திருந்தார். பழைய ஆள்தான் வந்து வரவேற்க வேண்டும் என்று அவள் காத்திருந்தாள். இன்னும் இரண்டு பேரும் காத்திருக்கிறார்கள். வணக்கம் சொல்லிக்கொள்ளாதவர்கள் பேசிக்கொள்ள முடியாது. ஆகையால் இரண்டு பேரும் விளக்கோடு பேசுவார்கள்.

புதன்கிழமை காலையில் ஷட்டரைத் தூக்கும்போது சிதோனி ஆரம்பித்தாள்.

"ஏ விளக்கே, இன்னிக்குத்தான் கடைசி நாளாமே. அந்த மெழுகு மூஞ்சி போயி மெழுகுவத்தி வரப்போகுதாம். பெரிய வித்தியாசம் ஒண்ணும் தெரியாது."

"விளக்கு, கேட்டியா?" என்றார் தெயோதூல். "கேக்குல வெண்ணெய்க்குப் பதிலா மெழுகு போடறவங்களுக்குத்தான் சரக்கு கிட்டக்கவே கிடைக்கப்போகுது."

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. யாராச்சும் ஒரு நாதியத்த ஆள் வந்தா, பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒரு பொத்தானை வித்துத் தொலைக்கச் சொல்லு விளக்கே. அந்தக் கம்பெனிக்காரன் எதிர்ல வந்தான்னா என் சாக்லேட்டெல்லாம் பூனைக்குட்டி நாத்தம் அடிக்கும்."

"வந்தவங்க மனுஷங்களா இருந்தா விப்பேன்னு சொல்லு."

"ஆமா, இவரு பெரிய ராஜா, சபைக்கு வர்றவன் குனிஞ்சு கும்பிட்டுட்டு வரணும்!"

அமீனா ஒன்பது மணிக்கு வந்தார். பெயர் கோந்த்ரான். ஐம்பத்திரண்டு வயது; உடம்பில் வயிறு முதலிலும் மற்றவை பிறகும் வந்தன. கதவைத் திறந்தார், நுழைந்தார், முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். போன்ஜூர் சொல்லவில்லை. அது அவர்கள் தொழில் வழக்கம். சாமானை அள்ளிக்கொண்டு போக வந்தவன் வணக்கம் வேறு சொன்னால் அடி விழும். உட்கார்ந்து, அச்சடித்த படிவத்தை மடியில் விரித்தார். அதன் முதல் வரி எல்லாப் படிவத்திலும் உள்ளதுதான்: 'நான் குத்தகைதாரரின் முன்னிலைக்கு வந்து, அவருக்கு முறைப்படி வணக்கம் தெரிவித்து...' அடியில் நேரத்தைக் குறித்துக்கொண்டார். தெயோதூலைப் பொறுத்தவரை முக்காலியின் மேல் கொஞ்சம் காற்று உட்கார்ந்திருந்தது.

முதலில் ஒரு சீமாட்டி வந்தாள். இரண்டு கையிலும் ஆறு பை. காதுக்கும் தோளுக்கும் நடுவே தொலைபேசி.

"ஆமாடி, சந்துக்குள்ளதான் நிக்கிறேன். என்ன கூட்டம்ங்கிற அங்க! கால்ல மிதிச்சுட்டா ஒருத்தி, நானும் மிதிச்சேன். இங்க ஒரு பொத்தான் கடை. சிவப்புல ஒண்ணு வேணும்." அவள் கோட்டுப் பொத்தானைத் தெயோதூலின் மூக்குக்கு நேரே ஆட்டினாள். "இல்லடி. கடைல யாரும் இல்ல போல."

அவள் போனதும் கோந்த்ரான் எழுதினார்: 'பத்து ஐந்து. விற்பனை இல்லை.'

அடுத்து ஒரு வாலிபன், "ஹாய் பெருசு!" என்று வந்தான். அவனும் காற்றாகவே போனான். அதற்குப் பிறகு நாலைந்து பேர் பொம்மையைப் பார்க்க வந்தார்கள். ஒரு அம்மாள் தன் கணவனிடம், "போன மாசத்துக்கு இப்ப கொஞ்சம் மெலிஞ்சுட்டாப்ல இல்ல?" என்று கேட்டாள். அவன், "குளிருக்கு மெழுகு சுருங்கும்டி" என்றான்.

மத்தியானத்தில் நார்வே தேசத்துத் தம்பதி ஒன்று வந்தது. கணவர் வாசலில் நின்று உள்ளங்கையைப் பார்த்தார். அதில் பேனாவால் எழுதி வைத்திருந்தார். பிறகு தெயோதூலின் முகத்தைப் பார்த்து, கதவு மூடுவதற்குள், "போன்ஜூர், முசியே" என்றார்.

தெயோதூல் எழுந்துவிட்டார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "போன்ஜூர், முசியே. போன்ஜூர், மதாம்." ஒரு வருஷமாக யாருக்கும் வணக்கம் சொல்லாத தொண்டை, குரல் பழைய கதவு மாதிரி வந்தது. அமீனா பேனாவின் மூடியைத் திறந்தார். எதிர்க்கடை ஜன்னலில் சிதோனியின் மூக்கு அழுந்தித் தட்டையாயிற்று.

கணவர் மற்ற உள்ளங்கையைப் பார்த்தார்.

"ஆறு மாடிக் கடை... எந்தப் பக்கம்?"

தெயோதூல் வழி சொன்னார். சுருக்கமாக அல்ல. வணக்கம் சொன்ன மனிதர்கள் ஆயிற்றே. வாசல்வரைக்கும் வந்து, இடது பக்கம் திரும்ப வேண்டும், நகரும் படிக்கட்டில் பையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் சொல்லி அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"விளக்கே," என்று எதிர்ப்பக்கத்திலிருந்து குரல் வந்தது, "கஷ்டப்பட்டு ஒரு மனுஷன் கெடைச்சான். அவனையும் பெரிய கடைக்கு வழி சொல்லி அனுப்பியாச்சு. இந்தச் சாமர்த்தியத்துக்கு மாலைதான் போடணும்."

கொஞ்ச நேரம் கழித்துச் சிதோனி ஒரு தட்டை ஏந்திக்கொண்டு பொத்தான் கடை வாசலில் வந்து நின்றாள். உள்ளே கால் வைக்கவில்லை. வைத்தால் வணக்கம் சொல்ல வேண்டிவரும். கையை மட்டும் நீட்டினாள்.

"முசியே அமீனா, எவ்வளவு நேரம்தான் சும்மா குந்தியிருப்பீங்க. ராஜா கேக்கு. ஒரு துண்டு எடுத்துக்குங்க."

ஜனவரி மாதத்தில் அந்த ஊரில் ராஜா கேக்கு தின்னாதவர் இல்லை. அடுக்கடுக்காக வெண்ணெய் மாவு, நடுவில் பாதாம் விழுது. எங்கேயோ ஒரு துண்டுக்குள் நகமளவு பீங்கான் பொம்மை. அது யார் துண்டில் அகப்படுகிறதோ அவர்தான் ராஜா. தங்கத்தாள் கிரீடம் வைப்பார்கள்.

கோந்த்ரான் தட்டைப் பார்த்த பார்வையில் உத்தியோகம் இறங்கிவிட்டது. "எனக்கு இதுவரைக்கும் ஒரு தடவைகூட அகப்பட்டதில்ல, மதாம். எங்கண்ணனுக்கு வருஷா வருஷம் கெடைக்கும். என் பொண்டாட்டிக்குக் கெடைக்கும். எங்க வீட்டு நாய்க்குக்கூட ஒரு தடவை கெடைச்சுது. கிரீடம் வச்சாங்க."

"இன்னிக்கு ஒங்க நாள்தான். தின்னுங்க."

முதல் துண்டில் இல்லை. இரண்டாவதில் இல்லை. ஒரு முழுக் கேக்கு முடிந்தது, பொம்மையைக் காணோம். "இந்த அச்சுல போட மறந்துட்டேன் போல" என்று சிதோனி அடுத்ததைக் கொண்டுவந்தாள். அப்படி மறந்தது மொத்தம் நாலு கேக்கு. கோந்த்ரானின் கால்சட்டைப் பொத்தான் படுகிற பாட்டை வாசலிலிருந்தே அவள் காலையில் கவனித்துவிட்டிருந்தாள். பொத்தான் கடைக்கு எதிரில் பத்தொன்பது வருஷம் இருந்தவள் அல்லவா!

நாலரை மணிக்கு ஒரு தாய் மழையில் நனைந்து ஓடிவந்தாள். கையில் ஒரு சின்னப் பெண். பச்சைக் கோட்டு, மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை.

"இதே மாதிரி ஒண்ணு கெடைக்குமாங்க? நாளைக்குப் பள்ளிக்கூடத்துல பாட்டு. பெரிய கடை ஏழு ஏறி இறங்கிட்டேன். எவனும் ஒத்தப் பொத்தான் தரமாட்டேங்கிறான். புதுக் கோட்டு வாங்குங்கிறான்."

தெயோதூலுக்கு அந்தப் பொத்தான் தெரியும். மூன்றாவது வரிசை, இருநூற்றுப் பன்னிரண்டாவது இழுப்பறை. கொம்பு, பாசிப் பச்சை, நடுவில் சின்னக் குழி. ஊரிலேயே மிச்சம் இருப்பது அந்த ஆறுதான். கை தானாக அந்தப் பக்கம் போயிற்று. அவள் வணக்கம் சொல்லவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நாளைக்கு இந்த இழுப்பறையைத் திறந்து பூனைக்குட்டி வாசனையை உள்ளே வைப்பான் ஒருவன். போனால் போகிறது, இந்த ஒரு தடவை நாமே முதலில் சொல்லிவிடலாம் என்று தெயோதூல் தீர்மானித்தார். தீர்மானித்து வாயைத் திறந்தார். "போ..." என்பது வரைக்கும் வந்தது. அதற்கு மேல் நாக்கு நகரவில்லை. தள்ளிப் பார்த்தார்; வண்டிமாடு மாதிரி படுத்துக்கொண்டது.

"போவா?" என்றாள் அந்தத் தாய். "போறேன்யா. நல்ல கடை வச்சிருக்கீங்க!"

கதவு மூடும்போது சின்னப் பெண் திரும்பிப் பார்த்து, "ஒர்வார், முசியே" என்று போய்வருகிறேன் சொன்னது. வருகிறபோது சொல்லாத குழந்தை போகிறபோது சொன்னால் அதை எந்தக் கணக்கில் வைப்பது? தெயோதூல் தலையைக் குனிந்துகொண்டார். ஐந்து மணிக்குச் சந்தின் விளக்குகள் எரிந்தன. விளக்கு எரிந்துவிட்டால் போன்ஜூர் முடிந்தது. அதற்கு மேல் போன்சுவார், மாலை வணக்கம். போன்ஜூர் சொல்லி ஒருவரும் பொத்தான் வாங்காமலே இன்னொரு நாள் போய்விட்டது.

ஆறு இருபதுக்கு ஐந்தாவது கேக்கின் கடைசித் துண்டைக் கடித்தபோது கோந்த்ரானின் பல்லில் ஏதோ நறுக்கென்றது. வாயிலிருந்து எடுத்துப் பார்த்தார். பீங்கானில் ஒரு சின்ன வாத்து.

"கெடைச்சிருச்சு!" என்று கத்தினார். சிதோனி வாசலில் நின்றபடியே கையை நீட்டி அவர் தலையில் தங்கத்தாள் கிரீடத்தை வைத்தாள். ராஜா நெஞ்சை நிமிர்த்தி எழுந்து நின்றார். எழுந்து நின்றதுதான் தாமதம், இடுப்பில் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். கால்சட்டைப் பொத்தான் கடையைக் குறுக்கே கடந்து, வாசலைத் தாண்டி, சந்தின் தரையில் உருண்டு, அனல் வருகிற கம்பிச் சல்லடையின் ஓட்டையில் இறங்கிப் போய்விட்டது.

கோந்த்ரான் இரண்டு கையாலும் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டார். காலையில் கொண்டுவந்த காகிதப் பெட்டியைத் தூக்க ஒரு கை வேண்டும், முத்திரைப் பையைத் தூக்க இன்னொரு கை வேண்டும். வெளியே இரண்டு பக்கமும் சந்துக் கடைக்காரர்கள் அத்தனை பேரும் அமீனா வெளியே வருவதைப் பார்க்க வாசலில் வந்து நின்றார்கள். கையில் தொலைபேசி.

"முசியே, ஒரு பொத்தான் குடுங்க" என்றார் கோந்த்ரான்.

தெயோதூல் ஒரு இழுப்பறையின் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"முசியே தெயோதூல்! உங்களைத்தான். நான் அரசாங்க அதிகாரி!"

சீட்டில் தூசி போகவில்லை போலிருக்கிறது. இன்னொரு தரம் துடைத்தார்.

"விளக்கே," என்றாள் வாசலில் சிதோனி, "அந்த ராஜாவுக்கு யாராச்சும் எடுத்துச் சொல்லு. காலைல உள்ள வந்தப்ப வணக்கம் சொல்லல."

"சொன்னேன்! படிவத்துலயே எழுதியிருக்கு, முறைப்படி வணக்கம் தெரிவித்துன்னு!"

"அப்படின்னா படிவத்துக்கிட்டயே பொத்தானையும் கேட்டுக்கச் சொல்லு, விளக்கே."

கோந்த்ரான் யோசித்தார். இப்போது போன்ஜூர் சொன்னால் காலையில் சொல்லவில்லை என்று ஆகும். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் இரண்டாம் தரம் சொல்வது உன்னை மறந்துவிட்டேன் என்று காறித் துப்புகிற மாதிரி. சொன்னது முதல் தரம் என்றால் படிவம் பொய். படிவம் பொய் என்றால் உத்தியோகம் போச்சு. சொல்லாவிட்டால் கால்சட்டை போச்சு. நிமிர்ந்து வெளியே பார்த்தார். உருண்டை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விளக்கு எரிந்த பிறகு சொல்வது வேறு வணக்கம், அது காலைக் கணக்கைத் தொடாது; அவர் முகத்திலும் வெளிச்சம் வந்தது. கிரீடத்தோடும் இடுப்பைப் பிடித்த கையோடும் வெளியே போனார். திரும்பி நின்றார். கதவைத் திறந்து உள்ளே வந்தார். கதவு மூடுவதற்குள், முகத்தைப் பார்த்து, அவசரமில்லாமல் சொன்னார்:

"போன்சுவார், முசியே."

தெயோதூல் திரும்பினார். குற்றம் சொல்ல இடமே இல்லை. பாதிரியாருக்கு அடுத்தபடி இதைத்தான் சொல்ல வேண்டும்.

"போன்சுவார், முசியே. வெளியே மழையா? என்ன வேணும் உங்களுக்கு?"

"கால்சட்டைக்கு ஒரு பொத்தான்."

"கொம்பா, எலும்பா?"

"எதுவானாலும் சரி."

"எதுவானாலும்னு ஒரு பொத்தான் கிடையாது, முசியே. ரெண்டு கண்ணா, நாலு கண்ணா? விளிம்பு உருட்டினதா, சீவினதா? நீங்க உக்காந்து செய்யற வேலையா, நின்னு செய்யற வேலையா?"

இருபது நிமிஷம் ஆயிற்று. தெயோதூல் பதினெட்டு இழுப்பறைகளைத் திறந்து காட்டினார். கடைசியில் நாலு கண் எலும்புப் பொத்தான் ஒன்று, விலை அறுபது சாந்திம் காசு. ஊசியும் நூலும் இலவசம். திரைக்குப் பின்னால் கிரீடத்தைக் கழற்ற மனமில்லாமல் அதோடேயே ராஜா பொத்தான் தைத்துக்கொண்டார். வெளியே வந்து படிவத்தில் எழுதினார்: 'ஆறு ஐம்பத்தெட்டு. விற்பனை ஒன்று. வாங்கியவர்: கீழே கையெழுத்திட்டிருப்பவர்.' போகும்போது ஒர்வார் சொன்னார். இரண்டு தடவை சொன்னார்.

சந்து வெறிச்சென்று ஆயிற்று. தெயோதூல் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நின்றார். எதிரே சிதோனி கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஐந்து கேக்கு. வெண்ணெய் மட்டும் ஒன்றரைக் கிலோ இருக்கும். கணக்குத் தெரியாதவர் அல்ல அவர்.

கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். ஐந்து தப்படியைக் கடந்தார். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கதவைத் திறந்தார். காலையிலிருந்து, ஏன், பத்தொன்பது வருஷமாகவே, தொண்டையில் படுத்துக்கிடந்த மாடு அந்த நேரம் பார்த்துத் தானாக எழுந்து நடந்தது.

"போன்ஜூர், மதாம்."

கோப்பை கழுவுகிற கை நின்றது. சிதோனி அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலாக, கண்ணாடி வழியே வெளியே பார்த்தாள்.

"ஏ விளக்கே, நீ எரியறியா, அவிஞ்சிட்டியா? பொழுது சாஞ்சு ரெண்டு மணி நேரமாச்சு. இந்த நேரத்துல போன்ஜூர் சொல்லிக்கிட்டு ஒண்ணு உள்ள வருதே, எந்தக் காட்டுலேருந்து வருது இது?"

அவள் இடத்தில் தெயோதூல் இருந்திருந்தால் அவ்வளவுகூடப் பேசியிருக்கமாட்டார். கதவைச் சத்தமில்லாமல் மூடிவிட்டுத் தன் கடைக்கு வந்தார். ஒரு மாதிரி திருப்தியாகக்கூட இருந்தது. இந்தச் சந்தில் முறை தெரிந்த ஆள் இன்னும் ஒருத்தி இருக்கிறாள்.

ஷட்டரை முழுக்க இறக்கினார். கடை இன்னும் ஒன்பது வருஷத்துக்கு அவருடையதுதான். அவசரம் ஒன்றுமில்லை.